பெட்டியில் போட்டிருக்கும் வேகம்: குரோனோகிராஃப் வாங்கப் போகும் நண்பர்களுக்கு

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுநடுவே கணக்கு வரும். பிளஸ் ஒன் இயற்பியலைத் தாண்டாது, பயப்படாமல் வாருங்கள்.

ஏர் ரைஃபிள் விற்கிற எந்தக் கடையின் விளம்பரத்தை எடுத்தாலும் முதலில் கண்ணில் அடிப்பது ஒரு எண். 1000 எஃப்.பி.எஸ்! அதாவது விநாடிக்கு 1000 அடி. பக்கத்துக் கடைக்காரர் 1100 போடுவார். அவருக்கு அடுத்தவர் 1250. புடவைக் கடை ஆடித் தள்ளுபடி மாதிரி எண் ஏறிக்கொண்டே போகும். எந்த பெல்லட்டை வைத்து அந்த வேகம் வந்தது, எத்தனை முறை சுட்டார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. கேட்டால் "கம்பெனி ஸ்பெக் சார்" என்பார்கள். நான் கேட்டுப் பார்த்த ஒரு கடைக்காரர் "தம்பி, வாங்கப் போறியா இல்ல பரீட்சை வைக்கப் போறியா" என்றார். நியாயமான கேள்விதான். :-)

இது வெறும் விளம்பர ஜம்பம் என்று விட்டுவிட முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் 2016-இல் வந்த ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்தையும் (4.5 மி.மீ.) வாய்முனை ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். தாண்டினால் வேண்டும். சட்டம் பேசுவது ஆற்றலை, கடைக்காரர் பேசுவது வேகத்தை. இரண்டுக்கும் நடுவில் பெல்லட்டின் எடை உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஆற்றல் என்பது எடையில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். சாதாரண ஈய பெல்லட் ஒன்று சுமார் 0.53 கிராம். அது 1000 எஃப்.பி.எஸ்., அதாவது 304.8 மீ/விநாடி வேகத்தில் வந்தால் 24.6 ஜூல். லைசென்ஸ் வேண்டும்! அதே 1000 எஃப்.பி.எஸ். வேகத்தை 0.33 கிராம் அலாய் பெல்லட்டில் எடுத்திருந்தால் 15.3 ஜூல். வேண்டாம். ஒரே எண், ஒரே பெட்டி. ஒன்று வீட்டு அலமாரியில் நிம்மதியாக வைக்கலாம், இன்னொன்று ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். 0.53 கிராமுக்கு 20 ஜூல் எல்லை எங்கே என்றால் ஏறக்குறைய 275 மீ/விநாடி, 900 எஃப்.பி.எஸ். ஆக ஈய பெல்லட்டில் 1000 என்று ஒருவர் சத்தியம் செய்தால், ஒன்று அவர் புளுகுகிறார், இல்லையென்றால் லைசென்ஸ் இல்லாமல் விற்கக்கூடாததை விற்கிறார். இரண்டில் எது என்று அவரே சொல்லட்டும்.

மற்ற நாடுகளிலும் இந்தக் கோடு உண்டு, இடம்தான் வேறு. பிரிட்டனில் ஏர் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, ஜெர்மனியில் 7.5 ஜூல். கனடாவில் இரட்டைப் பூட்டு: வேகம் 152.4 மீ/விநாடியையும் ஆற்றல் 5.7 ஜூலையும் சேர்த்தே தாண்டினால்தான் அது துப்பாக்கிக் கணக்கில் வரும். எங்கே இருந்தாலும் பெட்டியின் மேல் அச்சடித்த எண் சாட்சி ஆகாது. அளந்தாக வேண்டும். அளக்கிற கருவிக்குப் பெயர்தான் குரோனோகிராஃப். பசங்க வாயில் "குரோனோ".

இங்கேதான் என் சண்டை ஆரம்பம்.

பெட்டி பொய் சொல்கிறது என்று புரிந்துகொண்ட நம் ஆட்கள் அடுத்து என்ன செய்கிறார்கள்? இன்னொரு பெட்டியை நம்பி வாங்குகிறார்கள்! துப்பாக்கிப் பெட்டியில் 1000 என்று போட்டிருந்ததை நம்பாதவர், குரோனோ பெட்டியில் "துல்லியம் 99.5%" என்று போட்டிருப்பதைக் கும்பிட்டு வாங்குகிறார். இன்னொருவர் 99.75% போட்டால் அவர் பக்கம் ஓடுகிறார். "48 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்" என்று போட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் சொல்வது இதுதான். குரோனோ வாங்கும்போது அது எவ்வளவு சரியாக அளக்கும் என்று பெட்டி சொல்வதைப் பார்க்காதீர்கள். தப்பாக அளக்கும்போது அது உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள். தெரியாது என்றால், தெரிந்துகொள்ள நீங்களே ஒரு வழி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் நீங்கள் வாங்கியது அழகான எண்களைக் காட்டும் ஒரு சுவர்க் கடிகாரம்.

ஏன் என்று சொல்கிறேன். மலிவான குரோனோ எல்லாமே ஒரே தத்துவம். இரண்டு சென்சார், நடுவில் பெரும்பாலும் ஒரு அடி தூரம். பெல்லட் முதல் சென்சாருக்கு மேலே பறக்கும்போது அதன் நிழல் விழும், கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இரண்டாவதில் நிழல் விழுந்தால் நிற்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். ஏழாம் வகுப்புக் கணக்கு. 275 மீ/விநாடியில் ஒரு அடியைக் கடக்க ஆகும் நேரம் 1.1 மில்லிவிநாடி. 48 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் ஒரு டிக் 0.02 மைக்ரோவிநாடி. அதனால் வரும் பிழை 0.002 சதவீதம். ஆஹா என்று தோன்றும். அந்தக் கடிகாரம் பத்து மடங்கு மட்டமாக இருந்தாலும் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பிழை கடிகாரத்தில் இல்லவே இல்லை.

பிழை இருக்கும் இடம் நிழல். முதல் சென்சார் பெல்லட்டின் மூக்கு வந்ததும் விழித்துக்கொள்கிறது, இரண்டாவது கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் பாதி பெல்லட் கடந்த பிறகு விழிக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் மூன்று மி.மீ. தான். ஆனால் மொத்தத் தூரமே 305 மி.மீ. ஆயிற்றே! ஒரு சதவீதம் போச்சு. 900-க்கு 9 எஃப்.பி.எஸ். அதே சோம்பேறி சென்சார்களை நான்கு அடி தள்ளி வைத்தால் பிழை கால் சதவீதமாக இறங்கிவிடும். ஆக, மெகாஹெர்ட்ஸைப் பார்க்காதீர்கள், இரண்டு சென்சாருக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று பாருங்கள். பெட்டியில் அதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். நீளமான கருவி பையில் அடங்காது, பையில் அடங்காதது விற்காது.

அப்புறம் சாய்வு. கருவியை முக்காலியில் வைத்துக் குண்டு போகும் கோட்டுக்கு நேராக வைக்க வேண்டும். 5 டிகிரி சாய்ந்தால் வேகம் 0.4 சதவீதம் குறைவாகக் காட்டும். மடக்குகிற மாதிரி வரும் கருவி என்றால் கீலை முழுசாக விரித்தீர்களா என்று பார்க்க வேண்டும். ஒரு மி.மீ. மடங்கியிருந்தால்கூட 0.3 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதெல்லாம் போகட்டும், வெளிச்சம் என்று ஒரு ராட்சசன் இருக்கிறான். நிழலை நம்பி வாழும் கருவிக்குச் சீரான வெளிச்சம் வேண்டும். மேகமூட்டமான வானம் உத்தமம். நம் ஊர் உள்ளரங்கில் பழைய சோக் வைத்த டியூப் லைட்தான் இன்னும் பல இடத்தில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்கு நன்றாகத் தெரியும். பெல்லட்டே வராமல் எண் வரும், வந்த பெல்லட்டுக்கு எண் வராது, வந்தால் அது எந்த ஊர் எண் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். (இந்தச் சிலேடை தானாக வந்தது, மன்னியுங்கள்.)

இத்தனை தப்பும் நடக்கட்டும், பரவாயில்லை. கருவி என்றால் பிழை இருக்கும். எனக்குக் கோபம் எங்கே வருகிறது என்றால், இவற்றில் ஒன்றுகூட திரையில் தெரியாது. சாய்ந்திருந்தாலும் 871.4 என்று காட்டும். டியூப் லைட்டில் தடுமாறினாலும் 871.4 என்று காட்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் அதே முகத்தோடு 871.4. தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கம் வேறு! சந்தேகமே இல்லாமல் பேசுகிறவனை நான் வகுப்பிலும் நம்புவதில்லை.

இந்த நோயைப் புரிந்துகொண்ட ஒரு கம்பெனி இருந்தது. அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த ஓலர். அவர்களுடைய 35பி என்ற மாடலில் இரண்டு சென்சார் இல்லை, மூன்று. நான்கு அடிக் கம்பியின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. ஒரே தோட்டாவை அது இரண்டு முறை அளக்கும்: முழுத் தூரத்தில் ஒருமுறை, பாதித் தூரத்தில் ஒருமுறை. இரண்டு விடையும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் "இந்தச் சுடுதலை நம்பாதே" என்று குறி போட்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கும். கருவி தன் மேலேயே ஒரு தணிக்கை அதிகாரியை உட்கார வைத்திருக்கிறது! பார்க்க அழகில்லை. தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ப்ளூடூத் கிடையாது. ஆனாலும் எதையாவது சீரியஸாக அளக்க வேண்டியவர்கள் அதைப் பல வருடம் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இந்த மூன்றாவது கண்தான். இன்றைக்கு மலிவாக வரும் கருவிகளில் இந்த மூன்றாவது சென்சார் இல்லை. ஒரு சென்சார் கூடுதலாக வைக்க ஆகும் செலவை விட, "உங்கள் அளவீடு சந்தேகத்துக்குரியது" என்று வாடிக்கையாளரிடம் சொல்ல ஆகும் தைரியம் அதிகம் போல.

இந்த இடத்தில் நம் வகுப்புப் பசங்க ஒரு கேள்வி கேட்பார்கள். "ராடார் வந்தாச்சே மச்சி, இன்னும் நிழல் கதை எதுக்கு?"

வந்தாச்சு, ஒத்துக்கொள்கிறேன். ராடார் குரோனோ தோட்டாவின் மேல் ரேடியோ அலையை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கும். தோட்டா விலகிப் போவதால் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும். ரயில் நம்மைத் தாண்டியதும் ஹாரன் சத்தம் கம்மிப் போகிறதே, அதே டாப்ளர் விளைவு. 24 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 250 மீ/விநாடி வேகம் 40 கிலோஹெர்ட்ஸ் மாற்றத்தைக் கொடுக்கும். அளக்க சுலபமான எண். வெளிச்சம் பிரச்சினை இல்லை, முக்காலியைச் சுட்டு உடைக்கும் அபாயமும் இல்லை. (நிழல் குரோனோவைத் தானே சுட்டுக் கொன்றவர்கள் உலகம் முழுக்க ஒரு தனி ஜாதி.) முதலில் பேர் வாங்கியது லேப்ராடார். 2023-இல் கார்மின் கம்பெனி ஸீரோ சி1 ப்ரோ என்று உள்ளங்கை அளவில் ஒன்றை 600 டாலருக்கு விட்டது. அதற்குப் பிறகு மற்றவர்களும் வரிசையில் வந்துவிட்டார்கள். ப்ளஸ் ஆர் மைனஸ் 0.1 சதவீதம் என்கிறார்கள். ஒன்றோடொன்று வைத்துச் சுட்டுப் பார்த்தவர்கள் எண்கள் நன்றாகவே ஒத்துப்போவதாகச் சொல்கிறார்கள். நல்ல கருவிகள்தான்.

ஆனாலும் என் கேள்வியை இங்கேயும் கேட்பேன். தப்பினால் தெரியுமா? லேப்ராடார் தோட்டாவைத் தொடர்ந்து போய் வெவ்வேறு தூரத்தில் வேகத்தைக் கொடுக்கும். தூரம் போகப் போக வேகம் சீராகக் குறைந்தால் கதை நம்பும்படி இருக்கிறது. நடுவில் ஏறி இறங்கினால் ஏதோ கோளாறு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடிகிறது. கார்மின் பெட்டியோ வாய்முனை வேகம் என்று ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுக் கும்பிடு போட்டுவிடும். உள்ளே எத்தனை புள்ளியை எடுத்தது, எதை ஒதுக்கியது என்று கேட்க முடியாது. பயன்படுத்த லேசு என்பதால் எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். வாங்கட்டும். "ராடார் சொல்லிடுச்சு, பேச்சு முடிஞ்சது" என்று மட்டும் என்னிடம் வராதீர்கள்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கல். 4.5 மி.மீ. பெல்லட் ராடாருக்கு ரொம்பச் சின்ன இலக்கு. பெரிய தோட்டாவைத் துரத்துகிற தூரம் வரை பெல்லட்டைத் துரத்த முடியாது. சத்தம் கேட்டு விழித்துக்கொள்ளும் வகை ராடார், சத்தமில்லாத ஏர் ரைஃபிளுக்குச் சில சமயம் விழிக்கவே விழிக்காது. 600 டாலர் என்றால் சுங்க வரிக்கு முன்பே ஐம்பதாயிரம் ரூபாய் பக்கம். என் ஒரு செமஸ்டர் மெஸ் பில்லை விட அதிகம். அதனால் மாணவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் குழல் வாயில் மாட்டும் சின்னச் சீனக் கருவிதான். அதற்குள் சொந்தமாக இன்ஃப்ராரெட் விளக்கு இருப்பதால் டியூப் லைட் தொல்லை இல்லை, குழலோடு ஒட்டியிருப்பதால் சாய்வுத் தொல்லையும் குறைவு. ஆனால் இரண்டு சென்சாருக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான். மேலே போட்ட மூன்று மி.மீ. கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள். கதிர் மெல்லியதாக இருப்பதால் அந்த அளவு மோசமில்லை, ஆனாலும் நான் அதன் தசமப் புள்ளியை நம்பி யாரிடமும் பந்தயம் கட்ட மாட்டேன்.

அப்போ காசில்லாதவன் என்ன செய்வது? கருவிக்குள் மூன்றாவது சென்சார் இல்லையென்றால் வெளியே வையுங்கள். நிறையப் பேருக்குத் தெரியாத, செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. லேப்டாப், ஒரு மைக், ஆடாசிட்டி. அவ்வளவுதான். குழல் வாயிலிருந்து பெல்லட் போய் அடிக்கும் தகடு வரை டேப் வைத்துச் சரியாக 10 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். மைக்கை இரண்டுக்கும் சம தூரத்தில், அதாவது 5 மீட்டரில், சுடும் கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். (மைக் மட்டும், நீங்கள் இல்லை. எல்லாரும் துப்பாக்கிக்குப் பின்னால், கண்ணாடி போட்டுக்கொண்டு.) சுட்ட சத்தமும் அடித்த சத்தமும் மைக்குக்கு வர ஒரே நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒலியின் வேகம், அன்றைய வெயில் எல்லாம் கணக்கிலிருந்து கழன்று விழுந்துவிடும். திரையில் இரண்டு சிகரத்துக்கும் நடுவே உள்ள நேரம்தான் பறந்த நேரம். 62 மில்லிவிநாடி வந்தால் சராசரி வேகம் சுமார் 161 மீ/விநாடி. சிகரத்தைக் குறிப்பதில் 0.2 மில்லிவிநாடி தவறினாலும் பிழை 0.3 சதவீதம். பெட்டியில் போட்டிருக்கும் 99.5-ஐ ஓசியில் தாண்டியாச்சு!

இதில் ஒரு நுணுக்கம். மைக் கொடுப்பது பத்து மீட்டரின் சராசரி. பெல்லட் காற்றில் வேகம் இழந்துகொண்டே போகும், ஆக வாய்முனை வேகம் கட்டாயம் இதைவிட அதிகமாக இருக்க வேண்டும். குரோனோ 175 காட்டி மைக் 165 சொன்னால் சந்தோஷம். குரோனோ 160 காட்டி மைக் 165 சொன்னால் குரோனோ கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியில் பெல்லட் வெளியே வருவதற்கு முன்பே ஸ்பிரிங் சத்தம் ஆரம்பித்துவிடும். அலைப்படத்தில் வாய்முனைச் சத்தம் எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். காற்றுச் சிலிண்டர் வகையில் சுத்தமாகத் தெரியும்.

இன்னும் பழைய வழியும் உண்டு, பெஞ்சமின் ராபின்ஸ் வழி. 1742-இல் இங்கிலாந்தில் பீரங்கிக் கணக்கைப் பற்றிப் புத்தகம் போட்டவர். தொங்கும் கனமான மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்று பார்த்து வேகத்தைக் கண்டுபிடித்தார். காற்றின் தடை ஒரு பொருட்டே இல்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போகிற அளவுக்கு அந்தத் தடை பெரியது என்று அதை வைத்தே காட்டினார். அந்தப் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தது யார் தெரியுமா? நம்மைக் கணக்குப் பரீட்சையில் படுத்தி எடுக்கும் அதே ஆய்லர்! நீங்களும் செய்யலாம். ஒரு மீட்டர் நூலில் 250 கிராம் களிமண் உருண்டை. 0.53 கிராம் பெல்லட் 170 மீ/விநாடியில் வந்து புதைந்தால் உருண்டை 11.5 செ.மீ. நகரும். அளப்பதில் இரண்டு மி.மீ. தவறினால் ஏறக்குறைய இரண்டு சதவீதப் பிழை. அரை சதவீதச் சண்டைக்கு இது உதவாது. "900" என்று விற்ற துப்பாக்கி 700 சுடுகிறதா என்று பார்க்கத் தாராளமாகப் போதும்.

சரி, கருவி சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் நம் மக்கள் செய்யும் கூத்து ஒன்று இருக்கிறது. மூன்று முறை சுடுவது, திரையைப் படம் எடுப்பது, "எஸ்.டி. வெறும் 1.1, செம கன்" என்று போடுவது. அய்யா சாமி! மூன்று சுடுதலில் எஸ்.டி.யா?

ஐந்து முறை சுட்டு உங்களுக்குத் திட்ட விலக்கம் 2 மீ/விநாடி வந்தது என்று வையுங்கள். 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிவதெல்லாம் துப்பாக்கியின் உண்மையான விலக்கம் 1.2-க்கும் 5.7-க்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது என்பதுதான். அருமையான துப்பாக்கியும் ஓட்டைத் துப்பாக்கியும் ஒரே வலைக்குள்! இருபது முறை சுட்டு அதே 2 வந்தால் 1.5-க்கும் 2.9-க்கும் நடுவே என்று சொல்லலாம். இப்போதுதான் பேச்சில் அர்த்தம் வருகிறது. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் போடுகிறவர்கள் கதை இன்னும் மோசம். சுடச் சுட அது தானாகவே விரியும். மூன்று சுடுதலில் சராசரியாக விலக்கத்தைப் போல் 1.7 மடங்கு, பத்தில் 3.1 மடங்கு. மூன்று சுட்டவன் துப்பாக்கி பத்து சுட்டவன் துப்பாக்கியை விட எப்போதும் "நல்ல" துப்பாக்கியாகத் தெரியும். சோம்பேறித்தனத்துக்குக் கிடைக்கும் பரிசு!

0.5 சதவீதக் கருவிக்கும் 0.1 சதவீதக் கருவிக்கும் நடுவே இருக்கும் பணத்தில் எத்தனை டப்பா பெல்லட் வாங்கலாம் என்று கணக்குப் போடுங்கள். நான் போட்டேன். பெல்லட் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

"நாங்க 10 மீட்டர்ல பேப்பர்தானே சுடறோம், இதெல்லாம் எதுக்கு" என்று கேட்பவர்களுக்கு: பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய அதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளைத்தான் சொல்கிறீர்கள். அங்கே துப்பாக்கிகள் 170 மீ/விநாடி பக்கம் சுடும். 10 மீட்டர் போவதற்குள் பெல்லட் ஏறக்குறைய 17 மி.மீ. கீழே இறங்கும். வேகம் ஒரு சதவீதம் மாறினால் இறக்கம் இரண்டு சதவீதம், அதாவது 0.34 மி.மீ. மாறும். ஏர் ரைஃபிள் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் 2.5 மி.மீ., தசமப் புள்ளிக் கணக்கில் 0.1 என்பது 0.25 மி.மீ. ஆக ஒரே ஒரு சதவீத வேக மாற்றம் 0.1-க்கும் மேலே சாப்பிட்டுவிடுகிறது. அங்கே ரேங்க் மாறுவதே அந்தப் புள்ளியில்தான். ஆனால் கவனியுங்கள், இந்தப் பயன்பாட்டுக்கு உண்மையான வேகம் 170-ஆ 172-ஆ என்பது முக்கியமே இல்லை. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் மாறியதா, ரெகுலேட்டர் நழுவுகிறதா, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. அதற்கு அதே கருவி, அதே இடம், அதே விளக்கு, அதே டப்பா பெல்லட் போதும். சீனக் கருவிகூடப் போதும்.

20 ஜூல் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர் கதை வேறு. அவருக்கு உண்மையான எண் வேண்டும். 0.53 கிராமுக்கு 270 மீ/விநாடி என்றால் 19.3 ஜூல், தப்பித்தார். கருவி இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தால்? வேகத்தில் இரண்டு என்றால் ஆற்றலில் நான்கு. 20.1 ஜூல். அவ்வளவுதான், கோடு தாண்டியாச்சு. எடையையும் பெட்டியைப் பார்த்து எழுதக்கூடாது. நகைக்கடைத் தராசில் இருபது பெல்லட்டைப் போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். இவர் ஒரே ஒரு கருவியை நம்பவே கூடாது. இரண்டு வெவ்வேறு வகை, ஒன்று நிழல், ஒன்று ராடார், அல்லது ஒன்றுக்குத் துணையாக மைக். இரண்டும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தால் தூங்கப் போகலாம்.

ஆகவே என் சிபாரிசு, யார் கோபித்தாலும் சரி: தனியாக வாங்குவதாக இருந்தால் மலிவானதை வாங்கி, மைக்கைக் காவலுக்கு வையுங்கள். இரண்டு சென்சார் வகை என்றால் நடுத்தூரம் அதிகமாக இருப்பதைப் பாருங்கள், உள்ளரங்கில் பேட்டரியில் ஓடும் சொந்த விளக்கு இருப்பதாகப் பாருங்கள். ஐம்பதாயிரத்தைத் தனியாளாக ராடாரில் போடாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து கிளப்புக்கு ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை எல்லாருடைய மலிவுக் கருவியையும் அதன் பக்கத்தில் வைத்துச் சுட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். கடைக்காரர்களிடம் வேகம் கேட்பதை நிறுத்துங்கள். பெல்லட் எடை என்ன, எத்தனை சுடுதல், எத்தனை ஜூல், எந்தக் கருவி என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பெட்டியில் அச்சடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆடாசிட்டியில் அந்த இரண்டு சிகரத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று படத்தோடு அடுத்த பதிவில் போடுகிறேன். இப்போது லேப் ரெக்கார்ட் எழுத வேண்டும், நாளைக்குக் கடைசி நாள்.